அணைத்து வைத்த கேமரா

இனி யார் சொன்னாலும் குனிவதில்லை என்று நிபுணர் அன்று காலையில் முடிவு செய்தார். குனிந்தபடியேதான் முடிவு செய்தார். நிமிர முடியவில்லை.

எதிரே மேஜைமேல் கம்ப்யூட்டர். அதன் நெற்றியில் பட்டாணி அளவுக்கு ஒரு கேமரா. பக்கத்தில் பொட்டு வைத்தாற்போல ஒரு பச்சை விளக்கு. திரைக்குள் மனைவியின் அக்கா.

"மாப்பிள்ளை, அப்படியே இருங்க. பத்து எண்ணுறேன்."

"சீக்கிரம் எண்ணுங்க அக்கா."

"ஒண்ணு... ரெண்டு... இருங்க, வாசல்ல யாரோ பெல் அடிக்கறாங்க. வந்துடறேன். அசையாதீங்க!"

வாசலில் வந்தவருக்கு அன்று பேச நிறைய இருந்தது. அக்கா திரும்பி வந்து மூன்றிலிருந்து தொடரவில்லை. எங்கே விட்டோம் என்று மறந்துபோய் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

அலுவலகத்தில் இவரை எல்லோரும் நிபுணர் என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் இவர் பொறுப்பு. அடம் பிடிக்கிற மெஷின்கூட இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் மரியாதையாக ஓட ஆரம்பிக்கும். வீட்டில் இவரை 'என்னங்க' என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் இவர் ஓட ஆரம்பிப்பார்.

வீட்டின் பின்னறை ஒன்றுதான் அவருடைய ராஜ்யம். அலுவலகத்தில் கழித்துப்போட்ட மெஷின்களையெல்லாம் அநாதைப் பிள்ளைகளைத் தூக்கி வருவதுபோல் அள்ளிக்கொண்டு வந்து அங்கே அடுக்கியிருந்தார். மூச்சு நின்றுபோன கம்ப்யூட்டர்கள், பேப்பரைத் தின்றுவிட்டுத் துப்பாத பிரிண்டர்கள், எதோடு எதை இணைப்பது என்று செய்தவனுக்கே மறந்துபோன ஒயர்கள். எல்லாம் ஒருநாள் உபயோகப்படும் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்தான் தானும் ஒரு மனிதன் என்று அவருக்குத் தோன்றும்.

மனைவிக்கும் அந்த அறை மேல் ஒரு கண். அவள் ஊசி எடுத்துத் துணியில் பூப்போட்டால், தேனீ வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு ஏமாந்து போகும். நிபுணரின் சாப்பாட்டுப் பையில் அவள் போட்ட கொடியைப் பார்த்துவிட்டு அலுவலக மேனேஜர் அம்மாவே, "யாருங்க போட்டது? எனக்குக் கத்துக்குடுப்பாங்களா?" என்று கேட்டு, போன் நம்பரும் வாங்கிக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பெண்களும் கேட்டபடி இருந்தார்கள். எம்பிராய்டரி கிளாஸ் ஆரம்பிக்க எல்லாம் தயார். இடம்தான் இல்லை.

"பின்னறையைக் காலி பண்ணுங்க."

"அதுல எல்லாம் முக்கியமான சாமான்."

"முக்கியமான சாமான் ஏன் குப்பை மாதிரி இருக்கு?"

"குப்பை மாதிரி இருக்கறதுனாலதான் யாரும் திருடல."

இந்த வாதத்தில் நிபுணர் ஜெயித்திருப்பார். ஆனால் அதே வாரம் அந்த அறையில் பெரிய பிரிண்டர் ஒன்றை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தூக்கி வைக்கப் போனார். பாதி வழியில் முதுகு பிடித்துக்கொண்டது. "அம்மா!" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கம் கலைந்து அழுதது.

மனைவியின் அக்கா வெளியூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் கண்ணில் விரல் விட்டு ஆட்டுகிற ரகம். விஷயம் அவர் காதுக்குப் போனது. அக்காவும் தங்கையும் கலந்து பேசி நிபந்தனை போட்டார்கள். தினமும் காலையில் கேமரா முன்னால் நின்று, அக்கா கண்ணால் பார்க்க, அவர் சொல்கிற உடற்பயிற்சியை ஒரு மாதம் செய்ய வேண்டும்.

"ஒழுங்காப் பண்ணீங்கன்னா ரூம் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள் மனைவி. "ஒரு நாள் ஏமாத்தினாலும் ரூம் எனக்கு."

"யாரு தீர்ப்பு சொல்றது?"

"அக்காதான். அவ பாத்தாச் சரி."

இப்படித்தான் நிபுணர் குனிய ஆரம்பித்தார். குனி, நிமிர், காலைத் தூக்கு, கையை நீட்டு. தூங்கி எழுந்து சோம்பல் முறிப்பதையே ஒரு வேலையாக நினைக்கிற மனிதருக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. குனிகிற தன் உருவம் திரை ஓரத்தில் தெரிவதைப் பார்க்கச் சகிக்காமல் அதை முதல் நாளே மறைத்துவிட்டார்.

முதலில் கேமரா மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பார்த்தார். மனைவி விரல் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, "கேமராக்கு என்னங்க பிளாஸ்திரி? அதுக்குமா முதுகு பிடிச்சுக்கிச்சு?" என்றாள். அடுத்து, கம்ப்யூட்டரின் செட்டிங்ஸில் போய்க் கேமராவை ஆஃப் செய்தார். காபி ஆறுவதற்குள் அவள் அதையும் கண்டுபிடித்தாள். "இங்க ஆஃப்னு இருந்துது. ஆன் பண்ணிட்டேன். நீங்க குனிங்க."

அதனால்தான், மூன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் குனிந்து நின்ற அந்தக் காலையில், நிபுணர் அடிமடியிலேயே கைவைப்பது என்று தீர்மானித்தார்.

கம்ப்யூட்டரைப் போட்டதும், நமக்குத் தெரிந்த படமெல்லாம் திரையில் வருவதற்கு முன்னால், உள்ளே ஒரு குட்டி நிர்வாகம் கண் விழிக்கும். பயாஸ் என்பார்கள். எந்தெந்த உறுப்பு வேலை செய்யலாம், எது கூடாது என்று உத்தரவு போடுகிற இடம் அது. சாதாரண ஜனங்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். மனைவி காய்கறி வாங்கப் போயிருந்த நேரம், நிபுணர் அங்கே போனார். நீலத் திரை வந்தது. 'கேமரா' என்ற வரியைத் தேடிப் பிடித்தார். 'வேண்டாம்' என்று மாற்றினார். சேமித்தார். மெஷினை அணைத்து மறுபடி போட்டார்.

பச்சைப் பொட்டு எரியவில்லை.

"அஸ்திவாரத்துலயே பூட்டியாச்சு. மேல நின்னு எவ திறப்பா, பாத்துடறேன்" என்று காலி வீட்டில் உரக்கச் சொன்னார். அலுவலகத்தில் என்றால் இதற்கு நாலு பேர் கைதட்டியிருப்பார்கள்.

மறுநாள் காலை மனைவி வழக்கம்போல அக்காவைத் திரையில் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நிபுணர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

"அக்கா, ஒரு துக்க சமாச்சாரம். கேமரா செத்துப் போச்சு. என்னை நீங்க பாக்க முடியாது. சத்தம் மட்டும்தான் வரும்."

திரையில் அக்கா அவரையே உற்றுப் பார்த்தார்.

"அப்படியா மாப்பிள்ளை?"

"ஆமாக்கா. பார்ட்ஸ் வரணும். வெளியிலேர்ந்து வரணும். எப்படியும் ஒரு மாசம் ஆகும்."

"அடடா. சரி, பரவாயில்ல. நீங்க சத்தமா எண்ணிக்கிட்டே பண்ணுங்க. மாசக் கடைசில நான் நேர்ல வரேன். பாத்ததைப் பாத்தபடி சொல்லிடறேன்."

என்னத்தைப் பார்க்கப் போகிறீர்கள் என்று நிபுணர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். "என் போன்ல போட்டுத் தரவா?" என்று மனைவியாவது கேட்பாள், அதற்கு ஒரு பொய் வேண்டுமே என்று இரவெல்லாம் யோசித்துத் தயாராக வைத்திருந்தார். அவள் கேட்கவே இல்லை. நல்ல பொய் ஒன்று வீணாய்ப் போயிற்று. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

அக்கா ஒரு நிமிஷம் திரையை விட்டு நகர்ந்தார். சமையலறையில் மனைவியின் போன் அடித்தது. எடுத்துப் பேசினாள். என்ன பேசினாளோ, புரை ஏறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லங்க. நீங்க பண்ணுங்க."

நிபுணர் பண்ணினார். சோபாவில் மல்லாந்து, தலைக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை, வயிற்றின் மேல் ரஸ்க் தட்டு.

"ஒண்ணு... அப்பாடி! ரெண்டு... ஐயோ! மூணு..."

"நல்லா மூச்சு வாங்குது போல?"

"ஆமாக்கா, உயிரே போகுது" என்று ரஸ்கை டீயில் தோய்த்தார்.

"வாய்ல ஏதாவது வெச்சுக்கிட்டுப் பேசறீங்களா?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பண்றேன் அக்கா. அதான் அப்படிக் கேக்குது."

"பாத்துக் கடிங்க. மேல சிந்தப் போகுது."

சொல்லி வாய் மூடவில்லை, டீயில் ஊறிய ரஸ்க் பாதியாக ஒடிந்து சட்டையில் விழுந்தது. என்ன காது இந்தப் பொம்பளைக்கு என்று நிபுணர் அசந்துபோனார்.

நாளாக ஆக அந்தக் காது அவரை மிரள வைத்தது. "இடுப்புக்குத் தலகாணி வெக்காதீங்க, அது முதுகுக்கு ஆகாது" என்றார் ஒருநாள். தலையணை என்ன சத்தமா போடுகிறது? "ஜன்னல் திரையை இழுத்து விடுங்க. வெயில் மூஞ்சில அடிக்குது பாருங்க" என்றார் இன்னொரு நாள். ஆஸ்பத்திரியில் அத்தனை முதுகுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது, வெயில் விழுகிற சத்தமும் கேட்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கேமராவை ஒருதரம் எட்டிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

தைரியம் வந்தால் மனிதனுக்குக் கலையுணர்ச்சியும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு காலையில் துண்டைச் சுருட்டித் தலைமேல் கொண்டையாக வைத்துக்கொண்டு, ஒரு கை இடுப்பில், ஒரு கை ஆட்காட்டி விரலுடன், அக்காவைப் போலவே சத்தமில்லாமல் வாயை அசைத்துக் காட்டினார். கேமராவுக்கு மிக அருகில் போய், மூக்கு முட்டும்படி நின்று, கண்ணை உருட்டினார். அப்படியே இடுப்பை ஆட்டிக்கொண்டு அறையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

திரையில் அக்கா சட்டென்று கீழே குனிந்தார். எதையோ தேடுகிறார் போல என்று நிபுணர் நினைத்தார். அக்கா நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மாப்பிள்ளை."

"ஏழு... எட்டு... சொல்லுங்க அக்கா."

"இன்னைக்குக் கூட ஒரு நாப்பது பண்ணுங்க."

நாற்பது தடவை முனகுவதும் லேசான வேலை இல்லை. தொண்டை கட்டிக்கொண்டது.

மாதம் பாதி ஓடியிருக்கும். அலுவலகத்தில் மேனேஜர் அம்மா அவரைக் கூப்பிட்டார்.

"மீட்டிங் ரூம்ல இருக்கற மெஷின்ல கேமராவை அடியோட அணைச்சிடுங்க. ரகசியமாப் பேசற இடம். ஒரு துளி வெளிய போகக் கூடாது."

வீட்டில் இருப்பதும் மீட்டிங் ரூமில் இருப்பதும் ஒரே பெட்டியில் வந்த இரட்டைப் பிள்ளைகள். நிபுணருக்குப் பழகின கை. பயாஸுக்குப் போனார், 'வேண்டாம்' என்றார், பச்சை விளக்கு அணைந்தது. கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுது மேடம். இனிமே இது பிறவிக் குருடு."

மேனேஜர் அம்மா அந்த மெஷினில் வீடியோ மீட்டிங்கைத் திறந்தார். திரை முழுக்க ஒரு முகம் வந்தது. வாய் பாதி திறந்து, மீசையில் ரஸ்க் தூளோடு, அசட்டுப் பெருமை வழிகிற ஒரு முகம். யாரோ தெரிந்தவர் மாதிரி இருக்கிறதே என்று நிபுணர் பார்த்தார். அந்த முகமும் பார்த்தது.

"குருடு உங்களையே பாக்குதே" என்றார் மேனேஜர் அம்மா.

"வி... விளக்கு எரியலையே மேடம்!"

"விளக்கு எரியல. நீங்க தெரியறீங்க."

நிபுணர் நாற்காலியில் உட்கார்ந்து தோண்டிப் பார்த்தார். பயாஸ் செய்ததெல்லாம் வாசலில் 'உள்ளே யாரும் இல்லை' என்று ஒரு போர்டு மாட்டியதுதான். கூடவே அந்தப் பச்சை விளக்கை மட்டும் அணைத்திருக்கிறது. பின்னால் எழுந்து வருகிற சிஸ்டம் அந்தப் போர்டைப் படிக்கவே இல்லை. அது தன் போக்கில் ஒவ்வொரு கதவாகத் தட்டி "யாரு உள்ள?" என்று கேட்டிருக்கிறது. கேமரா "நான்தான்" என்றிருக்கிறது. உடனே டிரைவர் என்கிற, கேமராவை ஓட்டுகிற புரோகிராம் வந்து உட்கார்ந்துவிட்டது.

"டிரைவரை யாரு கூப்பிட்டா?" என்றார் மேனேஜர் அம்மா.

"யாரும் கூப்பிடல மேடம். அவனா வந்துட்டான்."

"அப்ப இத்தனை நாளா இந்த மாதிரி அணைச்சு வெச்சிருந்தா, எல்லாம் தெரிஞ்சிருக்குமா?"

நிபுணர் மனசுக்குள் கணக்குப் போட்டார். ரஸ்க் தெரிந்திருக்கும். தலையணை தெரிந்திருக்கும். கொண்டை தெரிந்திருக்கும். மூக்கு முட்ட நின்று கண்ணை உருட்டியது, ஆள் உயரத்துக்குத் தெரிந்திருக்கும். உடம்பெல்லாம் கூசியது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் மீட்டிங் ரூமில் தரை கெட்டியாக இருந்தது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தார். அக்கா பார்த்திருந்தால் அன்றைக்கே கத்தியிருப்பாரே? கத்தவில்லை. ஒருவேளை அந்தப் பக்கம் படம் சரியாக வரவில்லையோ என்னவோ. மனைவி எப்போதும்போல "டீ போடவா?" என்றாள். முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. கேட்கவும் முடியாது. கேட்டால் கேமரா வேலை செய்கிறது என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி. திரும்பப் போய்ச் சரியாக அணைக்கவும் முடியாது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தால், திடீரென்று இருட்டாகிவிடும், குட்டு உடைந்துவிடும். பின்னறைக் கதவைத் திறந்து தன் பெட்டிகளை ஒருதரம் பார்த்தார். கண் கலங்கியது. ஒரே ஒரு வழிதான் இருந்தது.

மறுநாள் காலை நிபுணர் உண்மையாகவே குனிந்தார்.

"என்ன மாப்பிள்ளை, இன்னைக்குச் சத்தம் வேற மாதிரி இருக்கு?"

பதில் சொல்ல மூச்சு இல்லை. முட்டி மடங்காமல் குனிந்தார். தரையைத் தொடப் பார்த்தார். தரை ரொம்ப தூரத்தில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம்."

எது இன்னும் கொஞ்சம், எப்படித் தெரிந்தது என்று கேட்கத் துடித்த நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார். மாதம் முடிகிற வரை ஒரு காலை விடவில்லை. வேர்த்து ஊற்றியது. பிரித்த ரஸ்க் பாக்கெட் தொடாமலே நமுத்துப்போனது. ஒருநாள் விரல் நுனி தரையைத் தொட்டபோது, விளக்கில்லாத அந்தக் கேமராவை நிமிர்ந்து பார்த்து, யாருக்கோ வணக்கம் சொல்வதுபோல் லேசாகச் சிரித்தார்.

மாதக் கடைசியில் அக்கா வந்து இறங்கினார். கூடத்தில் விசாரணை கூடியது. அக்கா சோபாவில். அதே சோபா. மனைவி நாற்காலியில். நிபுணர் நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லுக்கா. இவர் ஒழுங்காப் பண்ணினாரா?"

"நான் என்னடி சொல்றது? மாப்பிள்ளையே சொல்லட்டும்."

நிபுணர் தொண்டையைக் கனைத்தார். "முதல்ல கொஞ்சம் முன்னப் பின்ன இருந்திருக்கலாம். ஆனா கடைசி ரெண்டு வாரமா பாத்தீங்களே அக்கா! முட்டி மடங்காம, தரையைத் தொட்டு, வேர்க்க விறுவிறுக்க..."

பேச்சு அந்தரத்தில் நின்றது. வாயிலிருந்து எது விழுந்தது என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"பாத்தாளா?" என்றாள் மனைவி. "எப்படிப் பாத்திருப்பா? கேமராதான் செத்துப்போச்சே. பார்ட்ஸ் வெளியிலேர்ந்து வரணும்னீங்களே."

நிபுணர் பேந்தப் பேந்த விழித்தார்.

"கேமரா செத்ததுன்னா, அக்கா எதையுமே பாக்கல. பேசினபடி ரூம் எனக்கு. கேமரா உயிரோட இருந்துதுன்னா, அக்கா எல்லாத்தையும் பாத்தா. அப்பவும் ரூம் எனக்கு. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. நான் எதையும் திணிக்க மாட்டேன்."

அக்கா தன் கொண்டையை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கு அவ்வளவு பெரிய கொண்டை கிடையாது மாப்பிள்ளை. இடுப்பும் அப்படி ஆடாது."

நிபுணர் பின்னறைக்குப் போனார். ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி வாசல் பக்கம் கொண்டுவந்தார். வாசலில் மேனேஜர் அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் துணி மாட்டுகிற மர வளையம்.

"மேடம், நீங்க எங்க இங்க?"

"கிளாஸுக்கு. முதல் சீட் எனக்குத்தான்னு உங்க வீட்ல சொல்லியிருந்தாங்க."

"அப்ப அந்த மீட்டிங் ரூம் கேமரா?"

"நம்ம மீட்டிங்ல என்னங்க ரகசியம்? வடை சூடா வந்துதா, ஆறி வந்துதான்னுதானே பேசுவோம்?"

"உங்களை அணைக்கச் சொல்லி நான்தான் கேக்கச் சொன்னேன்" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "பாக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தானே நீங்க குனிவீங்க."

நிபுணர் திரும்பி நடந்தார். அறையில் கடைசியாக அந்தப் பெரிய பிரிண்டர் மிச்சமிருந்தது. முதுகைப் பிடிக்க வைத்த அதே பிரிண்டர். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பாரம் தூக்கும்போது முட்டியை மடக்க வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரியே தூக்கினார். பஞ்சு மூட்டை மாதிரி மேலே வந்தது. ஒரு சுளுக்கு இல்லை, ஒரு பிடிப்பு இல்லை. எல்லாத் துக்கமும் மறந்து அவருக்குச் சந்தோஷம் பொங்கியது.

"ஏம்மா, இங்க பாரேன்! தூக்கிட்டேன்! வலியே இல்ல!"

"தெரியுங்க" என்றாள் மனைவி, கதவை அகலமாகத் திறந்து பிடித்தபடி. "ரூமைக் காலி பண்ண ஆள் கூப்பிடலாம்னுதான் இருந்தேன். அக்காதான் சொன்னா, ஆள் எதுக்கு, ஒரு மாசம் பொறு, வீட்டுலயே ஒருத்தரைத் தயார் பண்ணித் தரேன்னு."